சி.ஆர்.பி. பற்றிக் கொஞ்சம் சேர்க்க வேண்டும்

மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு பற்றி நான் படித்த கட்டுரை, இனி அதைச் சி.ஆர்.பி. என்ற ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே பிடித்துவிடலாம் என்பதுபோல் முடிகிறது. அவ்வளவு தூரம் விஷயம் இன்னும் போகவில்லை.

சி.ஆர்.பி. என்பது உடம்பில் எங்காவது அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இருந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம். காய்ச்சலிலும் ஏறும், உடல் பருமனிலும் ஏறும். அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தராத 60 பேரில் பாதிப் பேருக்கு அழற்சியைக் குறைக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மூட்டுவாத மருந்தையும் மீதிப் பேருக்குப் போலி மருந்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். 2013-இல் வந்த முடிவில், மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆனால் சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் மருந்து வேலை செய்வதற்கான அறிகுறி தெரிந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: எல்லாருடைய மனச்சோர்வும் ஒரே நோய் இல்லை.

என் அக்காவுக்கு மூன்று மாத்திரைகள் மாற்றியும் பலன் இல்லை. சீப்பைக் கையில் பிடித்தபடி மதியம் வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள். "சோம்பேறித்தனம்" என்று வீட்டிலேயே சொன்னோம்; இன்றும் அது உறுத்துகிறது. அப்புறம் பார்த்த டாக்டர்தான் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சுரப்பு மிகக் குறைவு. வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை தொடங்கி, மன நல மருந்தும் கூடவே தொடர, சில மாதங்களில் அவளே தலைவாரிக்கொண்டு வாசலில் பூ வாங்கினாள்.

மாத்திரைக்கு மனச்சோர்வு கேட்கவில்லை என்றால் தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டும் சாதாரண லேப்பிலேயே எடுப்பார்கள்.