ஜரியாவின் கடனை யார் அடைப்பது?

நிலக்கரி என்றால் நமக்கு நெய்வேலியும் மின்சாரமும்தான் நினைவுக்கு வரும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை வைத்து எஃகு ஆலைக்குக் கல்கரி செய்ய முடியாது. காற்றுப் புகாத அடுப்பில் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடேற்றும்போது இளகி, வாயுக்களை வெளியேற்றிவிட்டு, கெட்டியான கல்கரியாக இறுகும் கரி வேண்டும். ஊது உலைக்குள் இரும்புத் தாதின் பாரத்தைத் தாங்குவதும், வெப்பத்தையும் தாதிலுள்ள ஆக்சிஜனைப் பிரிக்கும் வாயுவையும் தருவதும் இந்தக் கல்கரிதான். அதற்கேற்ற முதல்தரக் கரி இந்தியாவில் கிடைக்கும் முக்கியமான இடம், ஜார்க்கண்டில் தன்பாத்தை ஒட்டிய ஜரியா.

அங்கே நிலத்தடித் தீ முதன்முதலில் பதிவானது 1916இல். இன்னும் அது முழுதாக அணையவில்லை. அன்றைய தனியார் முதலாளிகள் பலர் கரியை வெட்டியெடுத்த குடைவுகளை மணலால் நிரப்பாமல் போட்டுவிட்டுப் போனார்கள். காற்றுப் பட்டால் கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். 1971 அக்டோபரில் அரசு இந்தச் சுரங்கங்களைக் கையிலெடுத்து, மறு ஆண்டு பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தை அமைத்தபோது, தீயும் சேர்ந்தே வந்தது. எரியும் கரியைத் தோண்டி எடுப்பதே தீயை அணைக்கும் வழி என்கிறது நிறுவனம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குழி ஊரை நெருங்கும்போது ஊர் மக்களுக்கு என்ன வழி?

தரை பிளந்து புகை வருகிறது. மழை பெய்தால் அந்தப் பிளவுகளில் ஆவி எழுகிறது. அந்த நிலத்தின் மேல்தான் குடும்பங்கள் சமைக்கின்றன, உறங்குகின்றன. விடியற்காலையில் சுரங்கத்தில் பொறுக்கிய கரியை விற்க, சைக்கிளின் நடுச் சட்டத்திலும் பின்பக்கத்திலும் மூட்டைகளாகக் கட்டிக்கொண்டு ஆண்கள் கிளம்புகிறார்கள். அந்தப் பாரத்தோடு ஏறி மிதிக்க முடியாது. மேட்டிலும் பள்ளத்திலும் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சட்டத்தின் கண்ணில் அது திருட்டு. அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான்.

2009இல் 7,112 கோடி ரூபாயில் மறுகுடியமர்வுத் திட்டம் வந்தது. இம்மக்களைக் குடியேற்ற, பெல்கரியா என்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 2021இல் திட்டக்காலம் முடிந்தபோதும் பெரும்பாலானோர் இடம்பெயரவில்லை. சோம்பலா, பிடிவாதமா? இரண்டும் இல்லை. அங்கே போனால் பிழைப்பு இல்லை. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற 5,940 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டத்தில் வாழ்வாதாரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் மானியமும் மூன்று லட்சம் வரை கடன் வசதியும் சேர்ந்திருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் ஒரு லட்சம் எத்தனை மாதம் வரும்? கரி பொறுக்கியே வளர்ந்தவருக்குத் தேவை மாதச் சம்பளம்.

நம் எஃகு ஆலைகளுக்கான கோக்கிங் கரியில், அதாவது கல்கரி செய்ய ஏற்ற கரியில், பெரும்பகுதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. அதைக் குறைக்க, 2030க்குள் உள்நாட்டு உற்பத்தியை 14 கோடி டன்னாக உயர்த்த அரசு இலக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் ஜரியாவில் இன்னும் தோண்டுவார்கள். தோண்டட்டும். அந்தக் கரியை வாங்கும் எஃகு ஆலைகள் டன் ஒன்றுக்கு ஒரு தொகையை இம்மக்களின் வேலைவாய்ப்புக்கென்று சட்டப்படி கட்ட வேண்டும். நிலப் பட்டா இல்லாத குடும்பங்களுக்கும் அதில் உரிமை வேண்டும். அந்த நிதியைச் செலவிடும் குழுவில் பெல்கரியாவில் குடியிருப்பவர்களே பாதிப்பேர் உட்கார வேண்டும்.