கிடையில் நிற்கும் பையனை முதலில் பார்ப்பவர் வயல்காரர்

ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். கலெக்டர் ஆபீஸில் உறுதிமொழி, பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நடத்தி ஒரு பேரணி. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதியும் அதுதான். டெல்டாவில் ஆட்டுக்கிடையில், அதாவது உரத்துக்காக இரவில் வயலில் அடைக்கும் ஆட்டு மந்தையில், கொத்தடிமையாக நிற்கும் பையன்களுக்கு இந்தத் தேதி உதவாது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வந்த கிடைகள் அதற்குள் தஞ்சாவூர், திருவாரூர் வயல்களை விட்டுக் கிளம்பத் தொடங்கியிருக்கும். பையனும் கூடவே போயிருப்பான்.

குழந்தைக் கடத்தலை ஊரும் அரசும் சேர்ந்து தடுப்பது பற்றி எங்கே பேச்சு வந்தாலும், பையன் புறப்பட்ட ஊரைப் பற்றியே பேசுகிறோம். பெற்றோருக்கு விழிப்புணர்வு வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிள்ளையை அனுப்புவது தப்பு என்று அந்தத் தாய்க்குத் தெரியும். சாவுச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, புயலில் போன கூரை என்று கையில் காசில்லாத ஒரு நாளில்தான் அட்வான்ஸ் வாங்கப்படுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் டெல்டாவிலேயே பிள்ளைகளை அடமானம் வைத்த செய்திகள் வந்தன. நல வாரியத்திலும் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் ஈமச்சடங்கு உதவி இருக்கிறது. ஆனால் மனு, சான்று, ஒப்புதல் எல்லாம் முடிந்து பணம் வருவதற்குள் புரோக்கர் வந்து போய்விடுகிறார். புறப்படும் ஊரில் செய்ய வேண்டியது, மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் அன்றைக்கே எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு அவசரத் தொகையை ஒதுக்கி வைப்பதுதான். அந்தத் தொகை இல்லாமல் ஆயிரம் நோட்டீஸ் அடித்தும் பயனில்லை.

அட்வான்ஸ் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் கையில் ஒரு தொகை. பையனுக்குச் சாப்பாடு, துணி. "ஒரு வருஷம்" என்பது வாய்ப்பேச்சு. குட்டி செத்தாலோ ஆடு தொலைந்தாலோ அதன் விலை கடனில் ஏறும். இரவில் கிடைக்காவலும் அவன்தான் என்பதால் தொலைந்ததற்கும் அவனே பொறுப்பு. அடியும் விழும். நடுவில் வீட்டில் இன்னொரு கைமாற்று வாங்கியிருந்தால் இன்னும் ஒரு வருஷம். இப்படி ஒரு கடன் தீரவே தீராது.

எல்லாக் கிடையிலும் அடமானப் பையன் இருப்பான் என்று நான் சொல்லவில்லை. கிடையை ஓட்டி வரும் கீதாரிகளும் நாடோடிப் பிழைப்புக்காரர்கள்தான், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் இதில் அறுந்து போகிறது. அதனால்தான் கிடைக்காரர்களை ஊரைவிட்டு விரட்டும் வேலை கூடாது. விரட்டினால் அடுத்த ஊருக்குப் போவார்கள், பையனை நாம் தொலைத்துவிடுவோம்.

இனி போய்ச் சேரும் ஊர். கிடை எங்கே கட்டுவது, எத்தனை இரவு, ஒரு இரவுக்கு என்ன காசு என்று கீதாரியிடம் பேசி முடிப்பவர் வயல்காரர். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் அவருக்கு உரம். கிடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரிவதுபோல எந்த அதிகாரிக்கும் தெரியாது. அடுத்தவர் டீக்கடைக்காரர். பிறகு போர்செட் ஆபரேட்டர், ஆட்டுக்கு மருந்து விற்கும் கடைக்காரர். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஊராட்சித் தலைவர் தலைமையில் ஏட்டளவில் எல்லா ஊரிலும் உண்டு. அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், ஆசிரியர், இரண்டு குழந்தைப் பிரதிநிதிகள் அதில் உறுப்பினர்கள். அவர்கள் வேலையும் பாதையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது, கிடை ஊருக்கு வெளியே கிடக்கிறது. கிடை கட்டும் விவசாயிகளில் இருவரையும் ஒரு டீக்கடைக்காரரையும் குழுவில் சேர்க்காதவரை அந்தக் குழுவின் மினிட் புக்கில் டீ செலவு மட்டும்தான் இருக்கும்.

தை மாதத்திலேயே ஜனவரி 26 கிராம சபை வருகிறது. கிடை கட்டுகிறவர் கீதாரியின் பெயர், சொந்த ஊர், போன் நம்பர், கூட இருக்கும் ஆட்களின் பெயர், வயது ஆகியவற்றை விஏஓவிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு தீர்மானம் போட்டால் போதும். ஒரு கோடு போட்ட நோட்டுதான் செலவு. பெயரை எழுதுகிறார்கள் என்றாலே சிலர் பையனை அழைத்து வரத் தயங்குவார்கள்.

பள்ளி நாளில் கிடையோடு ஒரு பையனைப் பார்த்தால், கீதாரி இல்லாத நேரமாகப் பார்த்துச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கலாம். எந்த ஊர், எந்த ஸ்கூல், கடைசியா எப்ப வீட்டுக்குப் போன, அம்மாகிட்ட போன்ல பேசுவியா? அவ்வளவு போதும். "அடிக்கிறாங்களா, எவ்வளவு காசுக்கு வித்தாங்க" என்று துருவினால் அவன் பயந்து வாயை மூடிக்கொள்வான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இரண்டு வகையில் கேடு. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியம், படம் கீதாரி போனுக்கும் போகும். ராத்திரியோடு ராத்திரியாகப் பையன் வேறு கிடைக்கு மாறிவிடுவான்.

பிறகு 1098, குழந்தைகள் உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. ஆனால் "இங்க ஒரு பையன் கஷ்டப்படறான் சார்" என்றால் யாராலும் தேட முடியாது. கிடை சில இரவில் வயல் மாறும். எந்த ஊராட்சி, யார் வயல், பக்கத்தில் என்ன வாய்க்கால் அல்லது கோயில், எத்தனை நாள் ஒப்பந்தம், அடுத்து எந்தப் பக்கம் போகப்போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அடுத்த வயல் எது என்பது வயல்காரருக்குத் தெரியும். அதற்காகத்தான் அவர் குழுவில் வேண்டும் என்கிறேன்.

விசாரிக்க ஆள் வந்ததும் கீதாரி சொல்லும் முதல் பதில், "என் அக்கா மகன் சார்." இதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் குடும்பத் தொழிலுக்கு விலக்கு இருக்கிறது, தாய்மாமனும் அதில் வருவார். ஆனால் பள்ளி நேரம் முடிந்தோ விடுமுறையிலோ உதவுவதற்கு மட்டும்தான் அந்த விலக்கு. சொந்த ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, ராத்திரிக் காவல் நிற்பவன் எந்தப் பள்ளி விட்டு வந்து உதவுகிறான்?

அடுத்துத் தப்பு நடக்கும் இடம் புகார் மனு. வெறும் குழந்தைத் தொழிலாளர் என்று எழுதினால் வழக்கு அந்தச் சட்டத்தோடு நின்றுவிடும். அட்வான்ஸ் எவ்வளவு, யார் கையில், எப்போது கொடுத்தது, பையன் போக நினைத்தால் போக முடிந்ததா என்ற நான்கும் மனுவில் இருந்தால் 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் உள்ளே வரும். அப்போதுதான் கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்று கேட்க முடியும், அதை வைத்துத்தான் மறுவாழ்வுத் தொகை. உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, குழந்தைக்கு மொத்தம் 2 லட்சம். கடனும் அந்தச் சட்டப்படி அழிந்துபோகிறது. "வாங்குன காச எப்படிக் கட்டுறது" என்பதுதான் பெற்றோரின் பெரிய பயம். கட்ட வேண்டாம் என்று காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் வாயால் அவர்களிடம் சொன்னால் அதன் பலனே தனி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 143ஆவது பிரிவின்படி குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 வருடம். பையனே சம்மதித்தான் என்பது அங்கே செல்லாது.

மீட்ட கையோடு பையனை ஊருக்குப் பஸ் ஏற்றி அனுப்பிவிடும் நல்ல மனசுக்காரர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் அவனை நிறுத்த வேண்டும். குழு அன்று கூடவில்லையென்றால் உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தினாலும் போதும். அது நடக்காவிட்டால் தாளில் அவன் இல்லவே இல்லை. அட்வான்ஸ் வாங்கிய வீடு, அடுத்த மாதம் திரும்ப இன்னொரு கிடை. வயதுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அன்றே பிறந்த தேதிச் சான்று வாங்கிவிட்டால், வயதுப் பரிசோதனைக்கு என்று ஆஸ்பத்திரியில் அலைய வேண்டியதில்லை.

கோப்பு மாவட்டம் விட்டு மாவட்டம் மாறும்போதுதான் பல பிள்ளைகள் கைநழுவுகிறார்கள். மீட்டது திருவாரூர், வீடு புதுக்கோட்டை என்றால் இரண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளும் பேசிக்கொள்ள வேண்டும். கடிதப் போக்குவரத்தை நம்பாமல், வீட்டு ஊரின் குழுவில் ஒருவர் பெயரும் நம்பரும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். அவர் செய்ய வேண்டியது மூன்று வேலை. டிசி இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பாமல் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வைப்பது. கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் விடுதி. மூன்றாவது, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு விண்ணப்பம். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், பள்ளிச் சான்று இவற்றை முன்பே எடுத்து வைத்தால் நல்லது. பாஸ்புக் தாயின் பெயரோடு கூட்டுக் கணக்காக இருக்கட்டும், அட்வான்ஸ் வாங்கிய கை எதுவென்று விசாரித்துவிட்டு. அடுத்த தை பிறந்ததும் பள்ளி வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் அன்றே வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.