போன் மெதுவாயிட்டுன்னு தூக்கிப் போடுறவங்களுக்கு

புது மாடல் வெளியிடுற மேடையில கேமரா பத்தி ஒரு மணி நேரம் பேசுவான். போனோட ரேம், பிராசசர் எல்லாத்தையும் அடியில இருந்து மேய்க்கிற கெர்னல்ங்கிற மென்பொருள் பத்தி மூச்சு விட மாட்டான். ஆனா நாம பத்தாயிரத்துக்கு வாங்கின போன் மூணாவது வருசமும் ஓடுமா, இல்ல டவுன் கடையில கல்லாவுக்கு முன்னால ஜிபே திறக்காம நம்மள நிறுத்தி வைக்குமாங்கிறது பெரும்பாலும் அந்தக் கெர்னல் கையிலதான் இருக்கு. கெர்னலுக்கும் போனோட உறுப்புகளுக்கும் நடுவுல வேலை பாக்குற டிரைவர் கோடு எழுதிப் பொழைக்கிறவன் நான். நெல்லை வண்ணாரப்பேட்டை வீட்டுல லேப்டாப்போட உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சதும் சொந்தக்காரங்க எல்லாம் போனைத் தூக்கிட்டு வந்துருதாவ. அதனால இந்தப் பதிவு.

ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போயிட்டுத் திரும்பினா, பேங்க் ஆப் முதல்லேருந்து பின் நம்பர் கேக்குதா? ரேம் போதாம சிஸ்டமே அந்த ஆப்பை மூடியிருக்கலாம். ரேம் நிறையும்போது, கொஞ்ச நேரமாத் தொடாத பக்கங்கள் (ரேமைத் துண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருக்கதுக்குப் பேரு) எதெதுன்னு கெர்னல் தேடும். சிலதைக் கழிச்சு விடும், சிலதைச் சுருக்கி ரேமுக்குள்ளயே ஒரு ஓரமா வைக்கும். அதுக்கும் மேல நெருக்கடின்னா ஆண்ட்ராய்டு ஏதாவது ஒரு ஆப்பைக் கொன்னுரும். இதுல 'எது பழசு'ன்னு கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம். ரொம்ப காலமா ரெண்டே பட்டியல்: புழக்கத்துல உள்ளது, இல்லாதது. கூகுள்ல இருந்த யூ ஜாவ், அதைப் பல தலைமுறையாப் பிரிச்சுக் கணக்கு வைக்கிற முறையை எழுதினாரு. பேரு மல்டி ஜென் எல்ஆர்யூ. ஆண்ட்ராய்டு கெர்னலுக்கு மூலமான லினக்ஸ்ல, 2022 டிசம்பர்ல வந்த 6.1 பதிப்புல சேர்ந்துச்சு. குரோம்புக் லேப்டாப்ல ஓடுற குரோம் ஓஎஸ்லயும் சுமார் பத்து லட்சம் ஆண்ட்ராய்டு பயனர்கள்கிட்டயும் ஓட்டிப் பார்த்து கூகுள் தரப்பு கொடுத்த கணக்கு: பக்கம் தேடுறதுக்கு ஆகுற பிராசசர் செலவு 40 சதவீதம் குறைவு. ரேம் நெருக்கடி அதிகமா உள்ள கருவிகள்ல ஆப்பைக் கொல்றது 85 சதவீதம் வரை குறைவு. எல்லாம் கெர்னல் கோடுல செஞ்ச மாத்தம். கேமராவைப் பத்தி மட்டும் பேசுற விளம்பரத்துல இது எங்க வரப் போவுது?

(ரேம் கிளீனர் ஆப் வச்சிருக்கவங்க அந்தச் சவத்தை முதல்ல எடுத்து எறிங்க. அது மூடின ஆப்பை நீங்க மறுபடி திறக்கும்போது அடியிலேருந்து ஏத்தணும். பேட்டரிதான் வீணாப் போவும்.)

வேகத்தை விடுங்க. எனக்குக் கோவம் வர்றது பாதுகாப்பு விசயத்துல. ஆண்ட்ராய்டுல ஆப்புகள் சிஸ்டத்தோடயும் தங்களுக்குள்ளயும் பேசுற வழிக்கு பைண்டர்னு பேரு. விடுவிச்ச நினைவகத்தை மறுபடி தொடுற பிழை ஒண்ணு அதுல இருந்துச்சு. கெட்டிக்காரன் கையில கிடைச்சா போனையே எடுத்துக்கிடலாம். 2018 பிப்ரவரியிலேயே லினக்ஸ்ல சரி பண்ணியாச்சு. ஆனா ஆண்ட்ராய்டோட மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கையில அது ஏறவே இல்ல. அதனால ஏற்கெனவே வித்த பல போன்களுக்குப் போய்ச் சேரல, கூகுளோட சொந்த பிக்சல் 2 உட்பட. 2019 செப்டம்பர்ல பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுற கூகுளோட புராஜெக்ட் ஜீரோ குழுவுல இருந்த மேடி ஸ்டோன் புகார் குடுத்து, அக்டோபர்லதான் போன்களுக்குத் திருத்தம் கிளம்புச்சு. ஒன்றரை வருசத்துக்கு மேல ஆயிட்டு! பாபநாசம் அணையில தண்ணி திறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டுட்டான், பாளையங்கால்வாய் கடைமடையில வரப்புல நிக்கிறவனுக்கு ஈரமே தட்டுப்படல, அந்தக் கதைதான்.

நடுவுல எத்தனை கை? லினக்ஸ்காரங்க, கூகுள், சிப் கம்பெனி, போன் கம்பெனி. ஆண்ட்ராய்டு 12-ஓட 5.10 கெர்னல்ல வந்த போன்லேருந்து கெர்னலோட நடுப்பகுதியை எல்லாருக்கும் பொதுவா ஆக்கி, சிப் கம்பெனி கோடைத் தனியாக் கழட்டி மாட்டுற மாட்யூலா ஒதுக்கினது நல்ல வேலை. ஆனா கடைசிக் கை போன் கம்பெனியோடது. அவன் மனசு வச்சாத்தான் உண்டு. ஐரோப்பாவுல 2025 ஜூன் 20-லேருந்து, ஒரு மாடலை விக்கிறதை நிறுத்தின பிறகும் 5 வருசம் அப்டேட்னு விதி போட்டிருக்கான். வாசகத்துல ஓட்டை இருக்குன்னு அங்கயும் சண்டை நடக்கு, சரி. ஓட்டையோடயாவது ஒரு விதி நமக்கும் வேணும்ங்கேன். முக்கூடல்ல பீடி சுத்துற அக்காவோட மகளிர் உரிமைத் தொகையும் வங்கிக் கணக்குக்குத்தான் வருது, அந்தக் கணக்கும் போன்லதான் கிடக்கு. விலை குறைஞ்ச போன்ல அப்டேட் சீக்கிரம் நின்னுபோறதை 'அந்த விலைக்கு அவ்வளவுதான்'னு சொல்லிட்டுப் போறவங்களோட எனக்கு ஒத்துப் போவாது. அந்தத் திருத்தத்தை எழுதின ஆளு ஏற்கெனவே எழுதிட்டான், இனாமாவும் குடுத்துட்டான்.

அதனால கடையில போய் மெகாபிக்சல் கேக்குற நேரத்துல, "பாதுகாப்பு அப்டேட் எந்த வருசம் வரைக்கும்?"னு கேளுங்க. பதில் தெரியலன்னா அடுத்த கடைக்குப் போங்க. கையில இருக்குற போனுக்கு செட்டிங்ஸ்ல அபவுட் போனுக்குள்ள போய் ஆண்ட்ராய்டு வெர்சனைத் தொட்டா, செக்யூரிட்டி அப்டேட் தேதி நிக்கும். அது ஒரு வருசத்துக்கும் பழசுன்னா, அந்தப் போன்ல இருக்குற கணக்குல பெரிய தொகை வைக்காதீங்க. எங்க மதினிக்குச் செலவுக்குன்னு தனியா ஒரு கணக்கு தொடங்கி, ஜிபேயை அதுல மட்டும் இணைச்சுக் குடுத்திருக்கேன். நகைச்சீட்டுப் பணம் வேற பேங்க்ல, பாஸ்புக்கோட.