ஜர்தோசி வேலையைத் திருப்பிப் பாருங்கள்

கல்யாண ரவிக்கைக்கு வேலைப்பாடு கொடுக்கும்போது எல்லாரும் கேட்பது, "நல்லா ஜொலிக்குமா?" முதல் நாள் எல்லாக் கம்பியும் ஜொலிக்கும். மூன்றாவது தடவை உடுத்தும்போது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஜர்தோசி என்ற பெயரிலேயே ஒரு குழப்பம். பாரசீகத்தில் ஜர் என்றால் தங்கம், தோசி என்றால் தையல். லக்னோ, பரேலி பக்கம் உலோகக் கம்பி வைத்துத் தைக்கும் முழுக் கலைக்கும் அதுதான் பெயர்; லக்னோ ஜர்தோசிக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஊர் ஆரி (கொக்கி ஊசி வேலைப்பாடு) வகுப்புகளிலோ ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டிய கம்பியையே ஜர்தோசி என்கிறோம். வடக்கே அதற்குத் தப்கா என்று பெயர். அதனால் பில்லில் "ஜர்தோசி" என்று போட்டு, நாலு பூவில் மட்டும் கம்பி வைத்து, மீதி முழுக்க ஆரிச் சங்கிலித் தையலாக முடித்துவிட முடியும்.

இரண்டுக்கும் கூலி ஒன்றாக இருக்க முடியாது. ஆரி ஊசி ஒரு கொக்கி. துணிக்கு அடியிலிருந்து நூலை இழுத்து இழுத்து வேகமாக ஓடும். தப்காவைக் கத்தரித்து, சாதா ஊசியில் மணி மாதிரி கோத்து, துண்டு துண்டாகப் பதிக்க வேண்டும். ஒரே இதழில் நடுவுக்கு நீளத் துண்டு, ஓரத்துக்குக் குட்டை. அளவெல்லாம் கண்ணில்தான். துண்டு குட்டையானால் நூல் பல்லிளிக்கும். நீளமானால் வில்லாக எழும்பி நிற்கும். முந்தானை மாட்டி இழுத்தால் சுருள் நீண்டுவிடும். நீண்ட சுருள் பழையபடி சுருங்காது, வெட்டி எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியதுதான்.

வேலைப்பாட்டுக்குத் துணியைக் கட்டும் சட்டத்தில் அது விறைப்பாக நிற்க வேண்டும். தொய்வாகக் கட்டினால், இறக்கியதும் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். எத்தனை தடவை தேய்த்தாலும் போகாது.

ரவிக்கை அளவை முதலில் வரைந்து, வேலைப்பாடு முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். தையல் கோட்டை ஒட்டிக் கால் அங்குலமாவது வெறுமையாக விடச் சொல்லுங்கள். கம்பிமேல் மிஷின் ஊசி ஏறினால் ஊசி உடையும், கம்பியும் நசுங்கும். பின்னால் தையலைப் பிரித்து ரவிக்கையைப் பெரிதாக்க நினைக்கும்போதும் அந்த இடம் உதவும்.

வாங்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆரி வரிசை முடியும் இடத்தில் முடிச்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுனி விட்டதும் வரிசையே உருவிக்கொண்டு வரும்.

கம்பி விஷயம். அந்தக் காலத்தில் வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம். இன்று பெரும்பாலும் முலாம் பூசிய செம்பு, அல்லது பாலியஸ்டர். ரவிக்கைக்குச் செம்பு தாராளமாகப் போதும் என்பது என் கட்சி. அதை வெள்ளி விலைக்கு விற்பதுதான் மோசடி. முலாம் தேய்ந்த இடத்தில் வியர்வை பட்டால் செம்பு கறுக்கும், ஆகவே அக்குள் பக்கம் கம்பியே வேண்டாம். சென்ட்டை உடுத்துவதற்கு முன்பே அடித்து, காய்ந்த பிறகு போடுங்கள். இஸ்திரி எப்போதும் உள்பக்கம், அடியில் தடித்த துண்டு விரித்து. வைக்கும்போது பிளாஸ்டிக் உறை வேண்டாம், பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.