கதவைச் சாத்திட்டீங்களா மேடம்?

"மேடம், கதவு சரியா மூடியிருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இதைக் கேட்டுட்டு நான் உடனே வாயைத் திறக்கல. ஜன்னல் வழியா எதிர்ல இருக்கிற மொட்டை மலையைக் கொஞ்ச நேரம் பாத்தேன். 22 நிமிஷம் புல்லாங்குழல் கேட்டுட்டு, தமிழுக்கு ரெண்டை அழுத்தி, பாத்திரம் கழுவற மெஷினுக்கு அஞ்சை அழுத்தி, பழுதுக்கு ஒண்ணை அழுத்தி, ஒருவழியா மனுஷக் குரல் கிடைச்சதும் நான் சொன்ன முதல் வார்த்தையே "டிஷ்வாஷர் கதவு மூட மாட்டேங்குதும்மா"ங்கறதுதான்.

"மூடலைன்னுதானேம்மா போனே பண்றேன்."

"புரியுது மேடம். மெஷின் ஸ்டார்ட் ஆகுதா?"

"கதவு மூடினாத்தானே ஸ்டார்ட் ஆகும்?"

"கரெக்ட் மேடம். அப்ப கதவை மூடிட்டு, ஸ்டார்ட் பட்டனை மூணு செகண்ட் அழுத்திப் பிடிங்க."

படிச்சுட்டீங்கள்ல? நான் கற்பனை பண்ணி எழுதல. கல்யாணமே ஆகலைன்னு ஜோசியர்கிட்ட போனா, "முதல்ல பொண்டாட்டியைக் கூட்டிட்டு வாங்க, பொருத்தம் பாக்கறேன்"னு சொன்ன கதை.

"கதவு மூட மாட்டேங்குது" அப்படின்னு மறுபடி சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா. ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கு டிக்டேஷன் குடுக்கற மாதிரி.

"ஓ. சைல்ட் லாக் ஆன்ல இருக்கா மேடம்?"

சைல்டே பெங்களூர்ல வேலைக்குப் போயிடுச்சும்மா.

"கீழ் ட்ரேயில பெரிய பாத்திரம் ஏதாவது இடிக்குதா?"

ட்ரேயே வெளியில இருக்கு. ரெண்டு ட்ரேயையும் கழட்டித் துணி துவைக்கற கல்லு மேல சாத்தி வெச்சிருக்கேன். காலிப் பெட்டி. காலிப் பெட்டியே மூடல.

"அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேற ஏதாவதாம். முதல் உதவி எப்ப முடிஞ்சுதாம்?

அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, அவங்க ஸ்க்ரீன்ல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் படிப்பாங்கன்னு எல்லாம் தயவுசெஞ்சு கமென்ட்ல வந்து சொல்லாதீங்க. எனக்கும் தெரியும். கதவும் மூடல, எனக்கும் இன்னிக்கு மூடில்ல.

16 நாளாச்சு. இந்த 16 நாள்ல இந்த ஊர்ல என்னைப் பாத்த ஒவ்வொரு ஜீவனும் கேட்ட ஒரே கேள்வி, "கதவை நல்லா அழுத்திச் சாத்தினியா?" நாத்தனார் கேட்டா. பெங்களூர்ல இருந்து பையன் வீடியோ கால்ல கேட்டான். மாடி வீட்டு மாமா கேட்டதோட விடாம கீழ இறங்கி வந்து, தானே ஒரு தடவை சாத்திப் பாத்துட்டு, "ஆமா, மூடல" அப்படின்னுட்டு காபி குடிச்சுட்டுப் போனார். தீர்ப்பு உறுதி செய்யப்பட்டது.

சாத்தாமலா இருப்பேன்? மெதுவா சாத்தினேன், ஓங்கிச் சாத்தினேன், தூக்கிச் சாத்தினேன், இடுப்பால இடிச்சுச் சாத்தினேன். கெஞ்சிக்கூடப் பாத்தேன். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்ங்க நம்ம வேலூர்க் கோட்டையைப் பிடிச்சப்ப, கில்லஸ்பிங்கற வெள்ளைக்கார அதிகாரி ஆற்காட்ல இருந்து குதிரைப் படையோட வந்து பீரங்கி வெச்சுத்தான் கோட்டைக் கதவைத் திறந்தாராம். ஆக, வேலூர்ல கதவைத் திறக்க பீரங்கி வேணும். மூடறதுக்கு என்ன வேணும்னு எந்த வரலாத்துப் புஸ்தகத்துலயும் இல்ல.

எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச பதில், 25 கிலோ அரிசி மூட்டை. கதவைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, முன்னாடி மூட்டையைச் சாத்தி, மூட்டைக்குப் பின்னாடி நாற்காலியைப் போட்டு, நாற்காலியில தானே உக்காந்துக்கிட்டார். மெஷின் ஓடவும் ஓடுச்சு. சத்தியமா. ஏழு நிமிஷம். அவர் முகத்துல ஒரு வெற்றிச் சிரிப்பு. அந்த நேரம் பாத்து ஒரு தும்மல் வந்துது அவருக்கு. நாற்காலி ரெண்டு அங்குலம் நகர்ந்துது. கதவு விட்டுக்கிட்டு மெஷின் நின்னு, கீழ் விளிம்பு வழியா சோப்புத் தண்ணி சரசரன்னு வந்து பொன்னி அரிசி மூட்டையை நனைச்சுது. அன்னிக்கு மத்தியானம் மொட்டை மாடியில வேலூர் வெயில்ல அரிசி காயப்போட்டேன். அதுக்கு மட்டும் இந்த ஊர் வெயிலைக் குறை சொல்ல முடியாது. அரை மணி நேரத்துல காஞ்சுது.

ராத்திரி பதினோரு மணிக்கு நான் டார்ச் அடிச்சு அதுக்குள்ள தலையை விட்டுப் பாத்தேன். யூடியூப்ல ஒருத்தர் விடாம எல்லாம் சொல்லியிருந்தார். மேல் ட்ரே ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல மாட்டியிருக்கான்னு பாரு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தா கதவுல இடிக்கும். பாத்தேன். கீழ் ட்ரே சக்கரம் தண்டவாளத்துல இருக்கா, ட்ரேயை முன்பின்னா மாத்திப் போட்டிருக்கியா. பாத்தேன். ஸ்பூன் கூடை சோப்பு டப்பா மேல முட்டுதா. முட்டல. சுத்திவர இருக்கிற ரப்பர் எங்கயாவது மடங்கியிருக்கா, ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா. பல் தேய்க்கற பழைய பிரஷ் வெச்சு ஒவ்வொரு அங்குலமா தேய்ச்சேன். கிடைச்சது ரெண்டு கடுகு, ஒரு கறிவேப்பிலை, எண்ணெய்க் கத்தரிக்காய்ல இருந்து வந்த ஒரு காம்பு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். புவிசார் குறியீடு வாங்கின காம்பு. அதை எடுத்ததும் ஒரு நம்பிக்கை வந்துது பாருங்க, சாமி கும்பிட்டுட்டுச் சாத்தினேன்.

டக்குன்னு சத்தம் வரணும். வரல. கொக்கி இருக்கு, கொக்கி போய் விழற ஓட்டை இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் வித்தியாசம். பக்கத்துல பக்கத்துல வந்துட்டு, வாய்க்கா தகராறு பண்ண பங்காளிங்க மாதிரி ஒண்ணை ஒண்ணு பாக்காம போயிடுதுங்க.

இதுக்கு நடுவுல என் மாமியார் சத்தமில்லாம அந்த மெஷினுக்கு ஒரு வேலை குடுத்துட்டாங்க. நாலாம் நாள் திறந்து பாத்தா மேல் ட்ரேயில முறுக்கு டின், கீழ ஊறுகாய் ஜாடி ரெண்டு. "சும்மாத்தானே நிக்குது, எறும்பு ஏறாது"ன்னாங்க. கதவு மூடாத பெட்டியில எறும்பு எப்படி ஏறாதுன்னு கேட்டேன். "உள்ள உப்பு போட்டிருக்கியே"ன்னாங்க. எங்க போர் தண்ணிக்குச் சொம்பெல்லாம் வெள்ளை பூத்துடும், அதுக்காக மெஷினுக்குன்னு தனி உப்பு வாங்கி ஊத்தி வெச்சிருக்கேன். அது எறும்புக்குப் போட்ட வேலின்னு நினைச்சுக்கிட்டாங்க. விளக்கம் சொல்லத் தெம்பில்ல. ஊறுகாய் அங்கேயே இருந்துது.

டெக்னீஷியன் கதைக்கு வர்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில பத்துல இருந்து சாயங்காலம் ஆறுக்குள்ள வருவாங்கன்னு மெசேஜ். எட்டு மணி நேரத்துல எப்ப வேணா. குளிக்கப் போனா அப்ப வந்துடுவாங்களோன்னு குளிக்கல. கேட்டைப் பாத்துக்கிட்டு வராந்தாவுலயே உக்காந்திருந்தேன். 4:40-க்கு இன்னொரு மெசேஜ்: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லாத காரணத்தால் வருகை ஒத்திவைக்கப்பட்டது." வீட்டில் இல்லாத அந்த வாடிக்கையாளர் அந்த நேரம் அழுக்கு நைட்டியோட, கையில விசிறியோட, வராந்தாவுல வீட்டில் இல்லாம உக்காந்திருந்தா.

போன் பண்ணா, "உங்களுது காட்பாடியா மேடம்? நான் வேலூர் சைடு பாக்கறவன். ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஆளு" அப்படிங்கறார். ஆத்துக்கு அந்தப் பக்கமாம்! பாலாறு என்ன கங்கை மாதிரி கரை புரண்டு ஓடுதா, படகு கிடைக்காம அங்கேயே நிக்கறதுக்கு? பாலம் இருக்கு சார். பாலம் இல்லாட்டியும் முக்காவாசி வருஷம் மணல்ல நடந்தே வந்துடலாம் சார். நம்ம ஊரைப் பத்தி ஒரு பழைய நக்கல் உண்டே, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில்னு. அதுல கோட்டைக்குள்ள இருக்கிற கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரரே 1981-ல திரும்பி வந்துட்டார். இந்த டெக்னீஷியன் வரல.

வெள்ளிக்கிழமை வந்தார், வேற ஆளு. சின்னப் பையன், ஹெல்மெட்டைக் கழட்டினா முகமெல்லாம் வேர்வை. பாவம்னு ரெண்டு டம்ளர் நீர்மோர் குடுத்தேன். குடிச்சுட்டு மெஷின்கிட்ட போய், கதவைத் திறந்து மூடினார். திறந்து மூடினார். ஆறு தடவை. அப்புறம் என்கிட்ட திரும்பி, "மேடம், கதவு மூடல" அப்படின்னார்.

ஊறுகாய் ஜாடியை எடுத்து... வேணாம்.

"லாச் போயிடுச்சு மேடம். ஓங்கி அடிச்சிருக்கீங்க. கஸ்டமர் மிஸ்டேக், வாரன்ட்டியில வராது. பார்ட் சென்னையில இருந்து வரணும். 1,850 ஆகும்." சொல்லிக்கிட்டே போன்ல ஏதோ தட்டினார். "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"எதுக்குப்பா?"

"கம்ப்ளெயின்ட் க்ளோஸ் பண்ணணும் மேடம்."

"கதவே க்ளோஸ் ஆகலையேப்பா?"

"அது பார்ட் வந்ததும் தனியா புது கம்ப்ளெயின்ட் போடணும் மேடம். இது விசிட் கம்ப்ளெயின்ட். இன்னிக்கு க்ளோஸ் பண்ணலைன்னா எனக்கு இன்சென்டிவ் போயிடும். இன்னும் எட்டு வீடு போகணும் மேடம்."

நான் சொல்லியிருக்கக் கூடாது. 24 வருஷம் கணக்கு டீச்சரா இருந்து, எத்தனையோ பசங்க அழுது மார்க் கேட்டும் அரை மார்க் கூடப் போடாதவ நான். நாலு நம்பரையும் ஒப்பிச்சேன். வண்டி கேட்டைத் தாண்டறதுக்குள்ள மெசேஜ் வந்துடுச்சு: "உங்கள் புகார் வெற்றிகரமாக மூடப்பட்டது."

வெற்றிகரமாக! எங்க வீட்டுல 16 நாள்ல வெற்றிகரமா மூடப்பட்ட ஒரே பொருள்.

இன்னிக்குக் காலையில அந்த பார்ட்டுக்காகத்தான் மறுபடி போன் பண்ணேன், புல்லாங்குழல் கேட்டேன், கதவு மூடியிருக்கான்னு பாக்கச் சொன்னாங்க. அதான் இந்தப் பதிவு. போனைக் கட் பண்ணிட்டுக் கத்திக்கிட்டிருந்தப்ப, எங்க வீட்டுல முன்னாடி பாத்திரம் தேய்ச்ச அக்கா வந்தாங்க. பொண்ணு பிரசவத்துக்குன்னு போனவங்க. அவங்க இல்லாத சமயம் பாத்துத்தான் இந்த மெஷினை வாங்கினோம், அதனால எனக்கே கொஞ்சம் சங்கடம். அவங்களுக்கு ஒரு சங்கடமும் இல்ல. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு மெஷினை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"இன்னாம்மா, இம்மாம் துட்டு குடுத்து வாங்கிகினு வந்து கதவு கூட மூடலியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவங்க கதவைத் தொடவே இல்ல. 16 நாள்ல கதவைத் தொடாத முதல் ஆள். ஒரு சொம்பு தண்ணி மொண்டு மெஷின் முன்னாடி தரையில ஊத்தினாங்க. தண்ணி வளைஞ்சு மெஷின் அடியில பூந்து, வலது பக்கம் தண்ணி வெளிய போற ஜாலியைப் பாத்து ஓடுச்சு.

"தரை வாட்டமா கீது பாரு. அந்த மூலையில காலு தரையில நிக்கவே இல்ல, தொங்கிகினு கீது. பொட்டி கோணிகினா கதவு எப்பிடி மூடும்?"

அந்தக்கா கல்யாணமான புதுசுல ஆறு வருஷம் சித்தாள் வேலை பாத்தவங்க. குனிஞ்சு பாத்தேன். வலது முன்கால் அடியில அஞ்சு ரூபா காசு சொருகற அளவுக்குச் சந்து. மெஷின் பொருத்த வந்தவர் அன்னிக்கு ஸ்பேனர் போட்டுக் காலைத் திருகி லெவல் பண்ணிட்டுத்தான் போனார், நான் பாத்தேன். நாலு மாசம் ஒரு குறையும் இல்ல. அப்புறம் யார் நகர்த்தினா?

எங்க வீட்டுக்காரர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சுக்கிட்டார்.

"டிபன் பாக்ஸ் மூடி பின்னாடி விழுந்துடுச்சு. லேசா இழுத்து எடுத்துட்டு, திரும்பத் தள்ளி வெச்சேன்."

எப்ப? 17 நாளைக்கு முன்னாடி.

அரிசி மூட்டை தூக்கினப்ப ஞாபகம் வரல. மாடி வீட்டு மாமா வந்தப்ப வரல. 1,850 ரூபான்னு அந்தப் பையன் சொன்னப்பவும் வரல.

ஸ்பேனர் எடுத்துட்டு வந்து நானே முட்டி போட்டு அந்தக் காலை நாலு சுத்துத் திருகினேன். அக்கா மேல இருந்து பெட்டியை ஆட்டிப் பாத்து, "இன்னும் ஒரு சுத்து விடு"ன்னாங்க. விட்டேன். ஒரு விரலால கதவைத் தள்ளினேன்.

டக்.

சிரிப்பு வந்துடுச்சு. தரையில உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். அக்காவும் சிரிச்சாங்க. இனிமே முறுக்கு டின்னை எங்க வெக்கறதுன்னு மாமியார் கத்தினதைக் கேட்டு இன்னும் சிரிச்சோம்.

சிரிச்சு முடிச்சு எழுந்தப்பத்தான் ஒண்ணு உறைச்சுது. பாத்திரம் கழுவற இடத்துல ஒரு சொம்புத் தண்ணி நிக்காம ஓடற மாதிரி இவ்ளோ அழகா வாட்டம் விடத் தெரிஞ்ச அந்த மேஸ்திரி, எங்க பாத்ரூம்ல என்ன பண்ணி வெச்சிருக்கான் தெரியுமா? ஜாலி ஒரு மூலையில, தண்ணி போறது எதிர் மூலைக்கு. குளிச்சுட்டு வந்தா வாசப்படிகிட்ட குளம். 11 வருஷமா. ஒவ்வொரு நாளும். ரசமட்டம் கையில வெச்சுக்கிட்டு "பக்காவா இருக்கும்மா"ன்னான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொன்னான்கறீங்க? "தண்ணிய நல்லா தள்ளி விட்டீங்களா?"