பதின்மூன்றாவதாக வந்ததற்கும் ஒரு கார்

ரேஸில் ஜெயித்தால் அதன் நினைவாக ஸ்பெஷல் எடிஷன் என்று ஒரு கார் விடுவது கம்பெனிகளின் பழைய வழக்கம். பெரும்பாலும் ஷோரூமில் நிற்கும் அதே கார்தான். மேலே இரண்டு கோடு, கதவில் ஒரு நம்பர். விலை மட்டும் ஏறிவிடும். 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் அந்தக் குட்டி மினியை வைத்துக்கொண்டு ஜெயித்தது சாதாரண விஷயமா? அதற்கு 2020இல் மினி செய்த மரியாதை, சிவப்புப் பெயின்ட், வெள்ளைக் கூரை, 37 என்ற ஸ்டிக்கர். எனக்கு அது போதவில்லை.

ஒழுங்காக மரியாதை செய்த கார் எது என்று கேட்டால், பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் 1995இல் ஜெயித்ததன் நினைவாக வந்த மெக்லாரன் எஃப்1 எல்எம் என்பேன். மொத்தம் ஐந்தே ஐந்துதான் விற்பனைக்குச் செய்தார்கள். மாதிரிக்குச் செய்த ஆறாவதைக் கம்பெனியே வைத்துக்கொண்டது.

மெக்லாரன் எஃப்1 என்று பெயர் இருந்தாலும், அது ரேஸுக்காகப் பிறந்த கார் அல்ல. கார்டன் மர்ரே அதைச் சாலைக்காகத்தான் வடிவமைத்தார். ஓட்டுநர் நடுவில், பயணிகள் இருவர் சற்றுப் பின்னால் இரு பக்கமும். ரே பெல்ம், தாமஸ் பிஷர் போன்ற வாடிக்கையாளர்கள் நச்சரித்துத்தான் ஜிடிஆர் என்ற ரேஸ் வடிவம் வந்தது. 1995 ஜூனில் ஏழு ஜிடிஆர்கள் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போயின. ரேஸுக்கென்றே செய்த புரோட்டோடைப் கார்களோடுதான் மோத வேண்டும். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க ஊற்றியது. அந்த இருட்டில் 59ஆம் நம்பர் கறுப்புக் காரை ஜேஜே லேட்டோ ஓட்டிய வேகம் இன்றைக்கும் பேசப்படுகிறது. சுற்றுக்குச் சுற்று மற்றவர்களைவிடப் பல வினாடிகள் முன்னால். கூட ஓட்டியவர்கள் யானிக் டால்மாஸ், மசனோரி செகியா. லெ மான்ஸில் ஜெயித்த முதல் ஜப்பானியர் செகியாதான். முன்னணியில் இருந்த இன்னொரு ஜிடிஆர் கடைசி நேரத்தில் கியர் மக்கர் செய்து மூன்றாவதானது. அதை ஓட்டியவர்கள் டெரெக் பெல், அவர் மகன் ஜஸ்டின், ஆண்டி வாலஸ். மரியோ ஆண்ட்ரெட்டி இருந்த கூராஜ் அணி ஒரு சுற்று பின்தங்கி இரண்டாவது.

ஏழில் ஐந்து கார்கள் பந்தயத்தை முடித்தன: 1, 3, 4, 5, 13. எல்எம் ஐந்து செய்தது அதற்காகத்தான். எனக்குப் பிடித்த இடமே இதுதான். பதின்மூன்றாவதாக வந்த காரை ஓட்டியவர்களில் ஒருவர் எர்வே பூலேன், பாரிஸில் ஏலம் விடும் தொழில் செய்பவர். மழையில் 24 மணி நேரம் தாக்குப்பிடித்து வந்தார்களா, சரி, அவர்கள் கணக்கிலும் ஒரு கார். ஜெயித்தவனை மட்டும் தூக்கிவைத்துக் கொண்டாடும் புத்தி இதில் இல்லை.

காரும் ஒப்புக்குச் செய்தது அல்ல. என்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்க ஒரு தடுப்பு போட வேண்டும் என்பது ரேஸ் விதி. அதனால் ஜிடிஆரின் சக்தி 600 குதிரைத்திறன் அளவில் நின்றது. எல்எம்மில் அந்தத் தடுப்பு கிடையாது: 680. அதாவது ரேஸில் ஜெயித்த காரைவிட, அதன் நினைவாக வந்த சாலைக் காருக்குச் சக்தி அதிகம்! பாட்டுப் பெட்டி, சத்தம் தடுக்கும் அட்டைகள் எல்லாவற்றையும் பிடுங்கி எடையை 1,062 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண எஃப்1 1,138 கிலோ. பின்னால் அசையாத பெரிய இறக்கை, அதன் ஓரத்தில் 1995 லெ மான்ஸ் வெற்றி பொறித்திருக்கும்.

மூன்று கார்களுக்குப் பப்பாளி ஆரஞ்சு நிறம். 1970இல் குட்வுட்டில் சோதனை ஓட்டத்தில் இறந்த புரூஸ் மெக்லாரனின் அணி நிறம் அது. அவரே 1966இல் லெ மான்ஸ் ஜெயித்தவர், ஆனால் ஃபோர்டு காரில். மீதி இரண்டும் கறுப்பு, புருனே அரச குடும்பத்துக்குப் போயின. (பிரிட்டிஷ் கார் என்கிறோம். நிறுவனர் நியூசிலாந்துக்காரர், வடிவமைத்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், என்ஜின் பிஎம்டபிள்யூ.)

கம்பெனி வைத்துக்கொண்ட அந்த ஆறாவது காருக்கும் ஒரு கதை உண்டு. மூன்று உலகப் பட்டம் வென்றால் அது உனக்குத்தான் என்று, மெக்லாரன் தலைவராக இருந்த ரான் டென்னிஸ் ஃபார்முலா 1 ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனிடம் சொன்னதாகப் பேச்சு. ஹாமில்டன் ஏழு பட்டம் வாங்கிவிட்டார். அதில் மெக்லாரனுக்காக வாங்கியது 2008இல் ஒன்று மட்டும். மற்ற ஆறும் மெர்சிடிஸுக்கு.