தூள் டீக்குச் சரி, இலைக்குப் பொருந்தாது
‘கறுப்புத் தேயிலை என்றாலே துவர்ப்புதான், பாலும் சர்க்கரையும் இல்லாமல் தொண்டையில் இறங்காது’ என்று கட்டுரையில் ஒரே போடாகப் போட்டிருக்கிறீர்கள், தூள் டீக்கு அது சரி, முழு இலைக்குப் பொருந்தாது. சீனாவின் யுன்னான் மாகாணத்து முழு இலைக் கறுப்புத் தேயிலையான தியன்ஹோங் ஒரு பொட்டலம் கிடைத்தபோது நானும் வழக்கம்போலப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன், கஷாயம்தான் வந்தது. தப்பு என்னுடையது. அப்புறம் 100 மில்லி பிடிக்கிற மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் 5 கிராம் இலையைப் போட்டு, கொதித்து லேசாக அடங்கிய நீரை ஊற்றிப் பதினைந்து விநாடியில் வடித்துப் பார்த்தால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாசனை, பின்னாலேயே தேன் மாதிரி ஒரு இனிப்பு, துவர்ப்பு நாக்கில் தொட்டும் தொடாமலும் போய்விடுகிறது. அதே இலையில் ஆறு முறை ஊற்றினேன், மூன்றாவதுதான் உச்சம். இத்தனைக்கும் அதுவும் தூள் டீக்குப் போகிற அசாம் தேயிலையும் ஒரே பெரிய இலை வகைச் செடி. இலையை நசுக்கித் தூளாக்கும்போது சாறு ஒரேயடியாக இறங்கிவிடுகிறது, வித்தியாசத்தில் பெரும்பங்கு அங்கேதான். சீனர்கள் இதைக் கறுப்பு என்று சொல்வதே இல்லை, ‘ஹோங்சா’, அதாவது சிவப்புத் தேநீர், கோப்பையில் நிறத்தைப் பார்த்தால் அதுதான் நியாயம். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் தான் வாங்கிய லாப்சாங் சூச்சோங் என்கிற சீனக் கறுப்புத் தேயிலையில் புகை நாற்றம், கெட்டுப்போன சரக்கு என்று எழுதியிருக்கிறார். இல்லைங்க, ஃபூஜியன் மாகாணத்து வூயி மலைப் பக்கம் பைன் விறகுப் புகையில் உலர்த்துவதால் வருகிற வாசனை அது, எனக்கும்தான் பிடிக்காது.